ஐந்து ஸ்பீக்கரிலும் ஒரே பாட்டு

போன மாதம் ஒரு நாள் காலை. கடையைத் திறந்து ஜெராக்ஸ் மெஷின் இன்னும் சூடுகூட ஏறவில்லை... அதற்குள் கோவிந்தன் அண்ணன் வந்து நின்றார். ஒரு கை அவர் மனைவி அஞ்சலை அக்காவின் தோள் மேல். இன்னொரு கையில் ஒரு டிவிடி.

"இருக்கியாம்மா?"

தலையாட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. தலையாட்டினால் அவருக்கு எப்படித் தெரியும்?

"இருக்கேண்ணா" என்றேன்.

வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் தலையை ஆட்டியே இத்தனை வருஷம் கடை நடத்திவிட்டேன். கோவிந்தன் அண்ணனிடம் மட்டும் அந்தச் சலுகை கிடையாது. வாயைத் திறந்தே ஆக வேண்டும்.

"இந்த டிஸ்க்கு மேல இன்னா எழுதிக்குது, படி."

படித்தேன். மகேஸ்வரி திருமண விழா. அதற்குக் கீழே பளபளவென்று 5.1 சரவுண்ட் சவுண்ட்.

"அஞ்சு பாயின்ட் ஒண்ணுன்னா இன்னா அர்த்தம்?"

"அஞ்சு ஸ்பீக்கர், ஒரு ஊஃபர் பெட்டிண்ணா. ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா சத்தம் வரும். நம்ம சுத்தி நடக்கற மாதிரி இருக்கும்."

"எங்க வூட்ல அஞ்சுலயும் ஒரே சினிமா பாட்டும்மா. அஞ்சு வாய வெச்சிகினு ஒரே பொய்ய சொல்லுது."

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்குக் கோபம் வந்தால் நேரில் பேச வராது. வீட்டுக்கு வந்து எழுதத்தான் வரும். இந்த வாரம் வந்திருக்கிற கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவிந்தன் அண்ணன் கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் போகிற மலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஊர் வடக்கனந்தல். சர்க்கரை வியாதி முதலில் ஒரு கண்ணை எடுத்தது, கொஞ்ச நாளில் மறு கண்ணையும் எடுத்தது. வாயை எடுக்கவில்லை. ஒரு பஸ் நிறைய ஆட்களை அடக்கி ஆண்ட வாய் அது.

இந்தக் காலத்தில் யார் டிஸ்க்கில் படம் பார்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கிறார்கள். டவர் கிடைக்காத மலை ஊர்களிலிருந்து பென் டிரைவோடு பஸ் ஏறி வந்து, டிஸ்க்காகப் போட்டுக்கொண்டு போகிறார்கள். கோவிந்தன் அண்ணனுக்கு வேறு காரணம். டச் போன் அவருக்கு வெறும் கண்ணாடித் துண்டு... தடவினால் ஒன்றும் புரியாது. டிவிடி பிளேயர் அப்படியில்லை. ரிமோட்டில் எந்தப் பட்டன் எங்கே என்று விரலுக்குத் தெரியும். டிஸ்க்கைக் கையில் பிடிக்கலாம், ஓரத்தைத் தடவலாம், தட்டில் வைக்கலாம். "இது ஒரு பொருளாட்டம் இருக்குதும்மா" என்பார்.

டிஸ்க்கில் இருந்தது அவருடைய ஒரே மகள் மகேஸ்வரியின் கல்யாணம். பெண் இப்போது மாப்பிள்ளையோடு ஓசூரில்.

"எனக்கு முழுக் கல்யாணமும் வேணாம்மா. ஒரே ஒரு எடம் கேக்கணும்" என்றார்.

என்ன இடம்?

"ஐயரு கெட்டிமேளம் கெட்டிமேளம்னாரு. மேளம் கொட்டல. கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சு. அப்புறந்தான் கொட்டுச்சு. அந்த நடுவுல இன்னா நடந்துச்சு? இத கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இதோ நிக்கிறாளே, இவ சொல்றா தாலி முடிச்சு சிக்கிக்குச்சாம். எந்தம்பி சொல்றான் மேளக்காரன் பராக்கு பாத்துகினு இருந்தானாம். தம்பி பொண்டாட்டி சொல்லுது, போட்டோக்காரன் இருங்கன்னு கைய காட்டுனானாம். ஒரு நிமிசத்துக்குள்ள மூணு காரணமா?"

அஞ்சலை அக்கா என் மேஜை மேலிருந்த ஸ்டேப்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகேசுகிட்ட கேக்கலாமேண்ணா?"

"கேட்டேன். நல்லாத்தாம்பா நடந்துச்சுன்றா. போன்ல எல்லாரும் நல்லாத்தாம்மா இருக்காங்க."

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பந்தியில் சாப்பிட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் மொய் எழுதிவிட்டு வந்தவள். முகூர்த்த நேரத்தில் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒன்றைப் பார்த்தேன். பெண்ணின் அப்பா மேடை மேல் இல்லை. கீழே, முதல் வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே நின்று மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தவர்கள் அவர் தம்பியும் தம்பி மனைவியும். அஞ்சலை அக்கா பெண்ணுக்குப் பின்னால் நின்றிருந்தார். ஏன் அப்படி என்று பக்கத்தில் ஒருத்தர் கேட்டதற்கு, இன்னொருத்தர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஓமப் புகை அவரு கண்ணுக்கு ஆவாதில்ல."

பார்வையே இல்லாத கண்ணுக்குப் புகை ஆகாதாம்!

அதற்கே எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அன்று வரவில்லை. பாயசம் நன்றாக இருந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டேன். அவர் சொன்ன இடத்துக்குப் போனேன். ஐயர் கையை உயர்த்துகிறார், எல்லோரும் நிற்கிறார்கள், மகேஸ்வரி தலையைத் திருப்புகிறாள், வாய் அசைகிறது... பாட்டு. காதலன் காதலியைத் தேடிப் பனிமலையில் ஓடுகிற மாதிரி ஒரு பாட்டு. ஆரம்பம் முதல் கடைசி வரை கல்யாணத்தின் சொந்தச் சத்தம் ஒரு துளி இல்லை.

உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவை எடுத்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள். சம்பந்தியம்மா ஏதோ சொல்கிறார், மணப்பெண் சிரிக்கிறாள் — என்ன சொன்னார்? பாட்டு. நாதஸ்வரக்காரர் கன்னம் புடைக்க ஊதுகிறார் — கேட்பது கிடார். பந்தியில் ஒரு பெரியவர் இலையைக் காட்டிக் கோபமாகக் கத்துகிறார் — அதற்கும் காதல் பாட்டு! நம் வீட்டு விசேஷத்தில் நாம் எல்லோரும் ஊமைகள். கூலிக்கு வாயசைக்கிற துணை நடிகர்கள். வந்திருந்தவர்களில் நாலு பேர் இன்று உயிரோடு இல்லை என்றால், அவர்கள் குரல் எங்கே என்று யாராவது கேட்டோமா? இல்லை. பாட்டு சூப்பர் என்றோம்.

அப்படி எடிட் செய்த பாட்டையே ஐந்து ஸ்பீக்கருக்கும் காப்பி எடுத்து ஓட்டிவிட்டு, மேலே 5.1 என்று ஒரு லேபிள். இதற்குப் பெயர் ஏமாற்று இல்லையா? ஒரே சோற்றை ஐந்து கிண்ணத்தில் வைத்துவிட்டு ஐந்து வகைச் சாப்பாடு என்றால் விடுவோமா?

அந்த லேபிளை அச்சடித்தது யார் தெரியுமா?

நான்தான்.

ஸ்டுடியோக்காரர்கள் டிஸ்க் கவர் பிரிண்ட் எடுக்க என் கடைக்குத்தான் வருவார்கள். கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி கவர் வைத்திருக்கிறேன். அதில் அந்த 5.1 முத்திரை எப்போதும் இருக்கும். அழகாக இருக்கிறதே என்று வைத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆகவே கோவிந்தன் அண்ணனிடம் "நான் பாக்கறேண்ணா" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வரவில்லை. சொல்ல வேண்டியிருந்தது.

கல்யாணத்தை வீடியோ எடுத்தது செந்தில். நல்ல பையன் என்று சொல்ல முடியாது, நாற்பது வயதாகிறது. நல்ல ஆள். என்னை அக்கா என்பார். அவர் ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"எடிட் பண்ணாத ஒரிஜினலா? அதெல்லாம் யாருக்கா கேக்கறாங்க?"

"சத்தம் வேணும் செந்திலு."

"கேமரா சவுண்டு ஒரே கூச்சல்க்கா. கொழந்த அழுவுது, எவனோ சாம்பார் எங்கன்றான். அதுக்குத்தான மியூட் பண்ணிட்டு பாட்டு போடறது? கஸ்டமரே அதத்தான் கேக்கறாங்க."

"இந்தக் கஸ்டமரு கேக்கலியே."

"யாரு, கண்டக்டரா?" செந்தில் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, சும்மா சிரிப்பு. "கண்ணு தெரியாதவருக்கு வீடியோவே ஜாஸ்தி. இதுல 5.1 வேறயா? வுடுங்கக்கா."

பாருங்கள் நியாயத்தை! கண் தெரிகிறவனுக்குத்தான் படம் இருக்கிறதே. கண் தெரியாதவருக்கு இருப்பதே சத்தம்தான். அதையும் பிடுங்கிக்கொண்டு, உனக்கு எதற்கு என்று கேட்டால்?

இதையெல்லாம் செந்திலிடம் சொன்னேனா? இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் "சரிப்பா" என்று எழுந்து வந்துவிடுவேன். அன்று எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தேன். செந்தில் ஒரு போன் பேசினார். ஒரு பாஸ்போர்ட் போட்டோ எடுத்தார். டீ வந்தது, எனக்கும் ஒன்று கொடுத்தார், குடித்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

"இன்னாக்கா இது, போலீஸ் ஸ்டேசன் மாதிரி..." என்று தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்து மேஜையில் வைத்தார். "அடுத்த வாரம் அழிச்சிருப்பேன். உங்க நேரம்."

என் நேரம் இல்லை தம்பி, கோவிந்தன் அண்ணனுடைய நேரம்.

மண்டபத்தில் மூன்று கேமரா ஓடியிருக்கிறது. மேடைக்கு எதிரில் ஒன்று, மேடை மேலேயே பெண்ணுக்குப் பக்கவாட்டில் ஒன்று, கூட்டத்தைப் பார்த்து ஒன்று. மூன்றுக்கும் காது உண்டு. மூன்றும் அதனதன் இடத்திலிருந்து கேட்டதைப் பதிந்துவைத்திருந்தன. எவ்வளவு சத்தம்! வளையல், பாத்திரம், விசிறி, யாரோ யாரையோ "ஏ சனியனே செருப்ப அங்க வுடு" என்று திட்டுவது... எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒரு கல்யாணம் முழுக்க அதில் உயிரோடு இருந்தது.

நான் படித்தது பத்தாவது. இந்த வேலையெல்லாம் கடையில் உட்கார்ந்து, தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டது. சரவுண்ட் என்பது பெரிய மாயம் இல்லை. கேட்கிறவரை ஓர் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். அவருக்கு முன்னால் என்ன, இடது பக்கம் என்ன, வலது பக்கம் யார், முதுகுக்குப் பின்னால் என்ன என்று சத்தத்தைப் பிரித்துப் பிரித்து ஆறு தடத்தில் போட வேண்டும். கேமரா படத்தைப் பார்த்துப் பார்த்து, யார் எங்கே நிற்கிறார்களோ அந்தப் பக்கம் அவர் சத்தத்தை நகர்த்த வேண்டும். பொறுமைதான் வேலை. எனக்கு அது நிறைய இருக்கிறது.

ஆனால் முதலில் ஒரு கேள்வி. அவரை எங்கே உட்கார வைப்பது?

போன் போட்டுக் கேட்டேன். "அண்ணா, டிஸ்க்குல நீங்க எங்க இருக்கணும்? அந்த முன் வரிசை சேர்லயா?"

போனில் டிவி சத்தம் குறைந்தது.

"மேடை மேலம்மா. பொண்ணு பக்கத்துல. அங்கதான் எனக்கு எடம் குடுக்கல."

சரி என்றேன். போனை வைத்த பிறகு மூக்கைச் சிந்தினேன்.

அவருடைய வீட்டு ஸ்பீக்கர்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வடக்கனந்தல் போனேன். ஐந்து ஸ்பீக்கரும் டிவி ஷோகேஸின் மேல் வரிசையாக, வகுப்புப் போட்டோவுக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி நின்றன. அஞ்சலை அக்காவின் ஏற்பாடு. தூசி துடைக்க வசதி, ஒயர் காலில் மாட்டாது.

"எல்லாரும் முன்னாலயே நின்னுகினா எப்படி?" என்று அண்ணன் பஸ் குரலில் அதட்டினார். "பின்னால காலியாதான கெடக்குது? உள்ள போ, உள்ள போ!"

ரெண்டு ஸ்பீக்கரை அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஆணி அடித்து மாட்டினோம். நடுவில் வருவது டிவிக்கு நேர் கீழே. ஊஃபர் பெட்டிக்கு வேறு இடம் இல்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். எது எங்கே பேசுகிறது என்று சரிபார்க்க ஒரு சோதனை டிஸ்க் கொண்டுபோயிருந்தேன். அதில் என் குரலையே பதிந்திருந்தேன். முன் இடது... முன் வலது... பின் இடது...

"இவ்ளோ பேசுவியா நீ?" என்றார். "எத்தினி வருசமா கடைக்கி வரேன். இன்னிக்கிதான்மா ஒங் கொரல முழுசா கேக்கறேன்."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அப்புறம் கல்யாணத்தின் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும், அழித்து எழுதுகிற டிஸ்க் ஒன்றில் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் கேட்டார். புருவத்தைச் சுருக்கினார்.

"ஏம்மா, ஐயரு இன்னாத்துக்கு கட்டிலுக்கு அடியில பூந்துகினு மந்திரம் சொல்றாரு?"

அஞ்சலை அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். தப்பு என்னுடையது. ஆறு தடத்தில் மூன்றாவது நடு ஸ்பீக்கருக்கு, நாலாவது ஊஃபருக்கு. நான் ரெண்டையும் மாற்றிவிட்டேன். தவிலின் கனம் போக வேண்டிய பெட்டியில் ஐயர் போய் உட்கார்ந்து உம் உம் என்று உறுமிக்கொண்டிருந்தார்.

"சீட்டு நம்பர மாத்திக் குடுத்துட்டியா? பரவால்ல, எனக்கே நடந்துக்குது" என்றார்.

சீட்டை மாற்றினேன். ஐயர் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஆனால் பேச்சு மெல்லிசாக, மேளம் இடி மாதிரி. அதைச் சரிசெய்தேன். வேகமாக எழுதிய டிஸ்க் நடுநடுவே திக்கியது. இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் எழுதினேன், திக்கல் நின்றது. இப்படியே ஒரு வாரம். கடைக்கு வந்தவர்கள் ஆதார் காப்பிக்குக் காத்திருந்தார்கள். மன்னிக்கவும்.

ஒரு மதியம், அவர் கேட்ட அந்த இடத்துக்கு வந்துசேர்ந்தேன். ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டேன். பெண் பக்கத்தில் இருந்த கேமராவின் சத்தத்தை மட்டும் தனியாகத் திறந்தேன்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

"இருங்க." மகேஸ்வரியின் குரல். "அப்பா எங்க?"

"கீழ உக்காந்துகினு இருக்காரும்மா." அவளுடைய சித்தியின் குரல்.

"மேல கூட்டினு வாங்க. அப்பா வரட்டும்."

"நேரம் போவுது மகேசு..."

"வரட்டும். நான் அப்பா கைய புடிச்சிக்கறேன்."

அப்புறம் ஓர் ஆண் குரல். அவளுடைய சித்தப்பா. கோவிந்தன் அண்ணனின் தம்பி.

"அவரு வந்து இன்னாத்த பாக்கப் போறாரு? குனிம்மா. குனி."

மேளம் கொட்டியது.

மொத்தமே பதினேழு விநாடி. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன். தாலி முடிச்சு எங்கும் சிக்கவில்லை. மேளக்காரர் பராக்குப் பார்க்கவில்லை. போட்டோக்காரர் யாரையும் நிற்கச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அஞ்சலை அக்கா கடைக்கு வந்தார். தனியாக.

"அந்த எடம் வந்துடுச்சா?"

தலையாட்டினேன். அவருக்கு அது போதும்.

"அந்த எடத்துல மட்டும் பாட்ட போட்டுடேன் தங்கச்சி."

நான் ஹெட்போன் ஒயரைச் சுருட்டினேன்.

"ஒரே மனையில பாதி கொழுந்தனோடது, பாதி எங்களுது. ஒரே மோட்டாரு. காலையில எழுந்தா அவன் மொகத்துலதான் முழிக்கணும். இவருக்கு ராத்திரி சர்க்கர எறங்கிட்டா தூக்கிகினு ஓடறவனும் அவன்தான். கெட்டவன் இல்லம்மா. ஏதோ அவசரத்துல வாயில வந்துடுச்சு. இத கேட்டா இவரு தாங்குவாரா?"

செந்திலைத் திட்டுவது சுலபம். அஞ்சலை அக்காவை எப்படித் திட்டுவது? அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எனக்கு வேலையும் சுலபம்தான். பதினேழு விநாடியைக் குறித்து ஒரு தட்டுத் தட்டினால் மியூட். மேலே ஒரு பாட்டு. இத்தனை நாள் எதை எதிர்த்து மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேனோ, அதையே நானும் செய்துவிடலாம். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் அவர் நல்லதுக்குத்தான் செய்கிறார்கள். புகை ஆகாது என்று கீழே உட்கார வைத்ததும் நல்லதுக்குத்தான். மூன்று பேர் மூன்று காரணம் சொன்னதும் நல்லதுக்குத்தான். எதைத் தாங்குவார், எதைத் தாங்க மாட்டார் என்று அவரைத் தவிர ஊரே முடிவு பண்ணிவிட்டது. என்ன கொடுமை இது?

"அக்கா" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அவரு கேட்டதே அந்த எடம் ஒண்ணுதாங்க்கா. அத எடுத்துட்டா அப்புறம் டிஸ்க்குல இன்னா இருக்குது?"

அவர் நெடுநேரம் ஸ்டேப்ளரைத் திறந்து திறந்து மூடினார்.

"அவரு கேக்கறப்போ நீயும் வா" என்றார் கடைசியில். "நான் தனியா இருக்க மாட்டேன்."

அடுத்த ஞாயிறு மத்தியானம் போனேன். அண்ணன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தயாராக நாற்காலியில் இருந்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். டிஸ்க்கை அவரே தட்டில் வைத்தார்.

மண்டபம் அந்தச் சின்ன அறைக்குள் வந்தது. இடது பக்கம் நாதஸ்வரம். எதிரில் ஐயரும் நெருப்பின் படபடப்பும். பின்னால் கூட்டம், குழந்தை, சாம்பார் கேட்கிறவர். வலது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், வளையல் சத்தம். அண்ணனின் வலது கை நாற்காலிப் பிடியிலிருந்து லேசாக எழுந்து நின்றது.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

"இருங்க. அப்பா எங்க?"

பதினேழு விநாடியும் ஓடியது. பின் இடது ஸ்பீக்கரிலிருந்து தம்பியின் குரல் வந்தது. மேளம் கொட்டியது. வீடே அதிர்ந்தது.

அண்ணன் ரிமோட்டில் விரலால் தேடி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டார். மறுபடியும். மூன்றாவது தடவை மகளின் குரல் வந்தபோது, "இங்கதாம்மா இருக்கேன்" என்றார். சத்தமாக இல்லை. பக்கத்தில் இருக்கிறவளுக்குச் சொல்கிற அளவுக்கு.

அஞ்சலை அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அஞ்சல."

"ம்."

"தாலி முடிச்சு எங்கடி சிக்கிச்சு?"

"நான் இன்னா பண்றது? அந்த நேரத்துல வாயில வந்தத சொன்னேன்."

"நல்லா சொன்ன. மூணு பேரும் ஒண்ணா ஒக்காந்து பேசி ஒரே காரணமா சொல்லிருந்தா நான் நம்பிருப்பேன்." சிரிக்கப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "அவளுக்கு என் ஞாபகமே இல்லயோ, கடனேன்னு கழுத்த நீட்டிட்டாளோன்னு இத்தினி நாளு நெனச்சிகினு இருந்தேம்மா. கேட்டிருக்கா பாரு. நேரம் போவுதுன்னாலும் வரட்டும்னு சொல்லிருக்கா பாரு."

இதைத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டைப் போட்டு மூடி வைத்திருந்தோம். அவர் நல்லதுக்காக!

அக்கா டீ போட உள்ளே போனார். நான் கிளம்பலாம் என்று எழுந்தேன்.

"ஏம்மா, இன்னொரு காப்பி போடணும்" என்றார் அண்ணன்.

"மகேசுக்காண்ணா?"

"அவளுக்கும் ஒண்ணு. எந்தம்பிக்கு ஒண்ணு."

உள்ளே டம்ளர் ஒன்று கீழே விழுந்தது.

"சண்டைக்கி இல்ல அஞ்சல, நீ பால பாரு" என்று உள்பக்கம் குரல் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். "அவன் வூட்ல ஸ்பீக்கரு இல்ல, டிவி சவுண்டுதான். பரவால்லம்மா. அந்தக் கொரலுக்கு சரவுண்டு தேவயில்ல."

அன்று சாயங்காலமே தம்பிக்கான காப்பியைப் போட்டேன். இருப்பதிலேயே மெதுவான வேகத்தில், ஒரு விநாடி திக்காமல். கவர் அச்சடிக்கும்போது அந்த 5.1 முத்திரையை எடுத்துவிட்டேன். டிவி ஸ்பீக்கரில் கேட்கப் போகிறவருக்கு அது எதற்கு? முத்திரை இருந்த இடம் காலியாகத் தெரிந்தது. நேரில் சொல்ல வராதவள், அங்கே ஒரே ஒரு வரி சேர்த்தேன்...

சத்தமாக வைத்துக் கேட்கவும்.